பிரிஃபெக்டின் தம்பி

என் மகளை லீடர் ஆக்கியவர் சென்னையிலிருந்து கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். ஆரணி வெயிலில் இரண்டு நாள் கோட்டைக் கழற்றாமல் நின்றதே பெரிய தலைமைப் பண்புதான். அதை மட்டும் நான் ஒப்புக்கொள்கிறேன்.

மகள் ஒன்பதாவது படிக்கிறாள், ஊருக்குள் இருக்கும் ஒரு தனியார் பள்ளியில். பிரிஃபெக்ட், அதாவது மாணவர் தலைவர், என்று சில பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து, ஒரு கல்யாண மண்டபத்தில் சனி ஞாயிறு அவருடைய பயிற்சியில் உட்காரவைத்தார்கள். கடைசி ஒரு மணி நேரம் பெற்றோரும் வரவேண்டுமாம். போனோம். பிள்ளைகள் வரிசையாக நின்று, "ஐ ஆம் எ லீடர்" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். பிறகு கோட்டுக்காரர் மைக்கைப் பிடித்து, ஒரு லீடருக்குச் சொந்தக்காரர்களே கிடையாது என்றார். மண்டபம் நிறைய உட்கார்ந்திருந்த அப்பா, அம்மா, மாமா, அத்தை எல்லோரும் கைதட்டினோம். நானும்தான் தட்டினேன்.

அடுத்து ஒரு ஜவுளி முதலாளி மேடையேறி, ஒவ்வொரு பிள்ளைக்கும் தோளில் குறுக்காக ஒரு பட்டை மாட்டிவிட்டார். அசல் பட்டு, ஓரத்தில் ஜரிகை. ஹெட் பாய் யாருடைய பையன் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊரில் எதன்மேலும் பட்டைப் போர்த்திவிட்டால் போதும், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

திங்கட்கிழமை முதல் வீட்டில் தலைமைதான். சட்னி கேட்டால்கூட என் கண்ணை நேராகப் பார்த்துக் கேட்டாள். தோசை தீய்ந்தபோது, "இதுல நாம எங்க தப்பு பண்ணோம்" என்றாள். நாமாம். கரண்டி என் கையில் இருந்தது. அவள் அப்பாவைச் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு போகச் சொன்னாள், அந்த மனிதரும் விட்டுக்கொண்டு போனார். பயந்துவிட்டார், பாவம்.

இதுவரை சிரிப்பாகத்தான் இருந்தது.

நான் செய்யாறில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருக்கிறேன். கம்பெனி பஸ் விடியும் முன்பே வந்துவிடும். என் வீட்டுக்காரர் பட்டுக்கடை வண்டி ஓட்டுகிறவர், எனக்கு முன்னால் கிளம்பிவிடுவார். இரண்டாவது படிக்கும் சின்னவனை எழுப்பி, குளிப்பாட்டி, ஊட்டி, லேஸ் கட்டி, கையைப் பிடித்து அதே பள்ளிக்கு இட்டுப்போவது முழுக்க முழுக்க அவன் அக்காதான். நாளெல்லாம் எவன் எவன் காலுக்கோ ஷூ தைக்கிறேன், என் பிள்ளைக்கு லேஸ் கட்டிவிட எனக்கு நேரமில்லை. அந்த வருத்தம் எனக்கு எப்போதும் உண்டு. அவள் இருக்கிறாள் என்றுதான் நிம்மதியாக பஸ் ஏறுவேன்.

பிரிஃபெக்ட் ஆனதும் அவளுக்கு கேட் டியூட்டி போட்டார்கள். லேட்டாக வருகிறவர்களைப் பிடிக்கும் வேலை. அதற்காக அவள் சீக்கிரமே போய் நிற்க வேண்டும். சரி, தம்பியையும் அப்போதே இட்டுக்கொண்டு போகட்டும் என்றால், சின்னப் பிள்ளைகளை முதல் பெல்லுக்கு முன்னால் உள்ளே விடமாட்டார்களாம். அது இன்னொரு சட்டம். அதனால் அவள் அவனைக் கிளப்பி உட்காரவைத்துவிட்டுப் போக, அவன் ஷேர் ஆட்டோவில் போனான். ஆட்டோக்காரர் ஊரெல்லாம் சுற்றிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்ச் சேரும்போது கேட் மூடியிருக்கும். மூடியது யார்? அவன் அக்கா. அவள் லீடர் ஆனதால்தான் அவன் லேட், அவன் லேட் என்று பிடிப்பதும் அவளே. இந்த அழகைக் கோட்டுக்காரர் சொல்லித்தரவில்லை.

முதல் நாள் அவன், "அக்கா" என்று சிரித்துக்கொண்டே ஓடியிருக்கிறான். இங்கே அக்கா எல்லாம் கிடையாது, பிரிஃபெக்ட்னு கூப்பிடு என்று சொல்லி, வெயிலில் காகிதம் பொறுக்க வைத்திருக்கிறாள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று ராத்திரி சாப்பிடும்போது அவன், "தண்ணி குடு பிரிஃபெக்ட்" என்றான். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. அதன்பிறகு பாயை அவள் பக்கத்திலிருந்து இழுத்துப்போட்டுக்கொண்டு என் பக்கத்தில் படுத்தான்.

மூன்றாம் முறை லேட் ஆனதும் பெற்றோரை அழைத்துவரச் சொன்னார்கள். லீவு சொல்லிவிட்டு அவனை நானே இட்டுக்கொண்டு போனேன். கேட்டில் மகள். காலையில் நான் பின்னிவிட்ட ஜடை, குறுக்கே அந்தப் பட்டை. பின்னால் பி.டி. மாஸ்டர். என்னைப் பார்த்ததும் ஒரு நொடி தடுமாறினாள். மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்துகொண்டாள்.

"குட் மார்னிங் மேடம். நீங்க யாரோட பேரன்ட்?"

பெற்றவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

"இவனோட அம்மா," என்றேன். "இவனுக்கு ஒரு அக்கா இருந்தா. தெனம் அவதான் கையப் புடிச்சி இட்டுகினு வருவா. இப்ப இல்ல. அதான் நான் வந்துகினு இருக்கேன்."

அவள் உதடு கோணியது. மாஸ்டருக்கோ பூரிப்பு தாங்கவில்லை.

"பாத்தீங்களாமா? சொந்த அம்மான்னு கூட பாக்கல. இதாம்மா லீடர்ஷிப்."

காலில் கிடந்ததைக் கழற்றியிருப்பேன். பிள்ளைகள் படிக்கிற இடம் என்று அடக்கிக்கொண்டேன்.

சின்னவனின் லேஸ் அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. மகள் சட்டென்று குனிந்தாள். பட்டை மண்ணில் புரள, மண்டிபோட்டு, எப்போதும் போல இரண்டு சுற்று சுற்றிக் கட்டிவிட்டாள். அவன் காலைக் கொடுத்துக்கொண்டு நின்றான். கட்டி முடித்ததும் சொன்னான்.

"தேங்க் யூ பிரிஃபெக்ட்."

அவள் எழுந்திருக்கவே இல்லை. அப்படியே குனிந்தபடி அழுதாள்.

மறுநாளிலிருந்து அவள் தம்பியோடுதான் கிளம்பினாள். கேட் டியூட்டிக்கு லேட். கூப்பிட்டு விசாரித்து, பட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். தலைமைப் பண்பு பத்தவில்லையாம். மாஸ்டர் போன் செய்து, நல்ல லீடர் ஒன்று போய்விட்டது என்று வருத்தப்பட்டார். எங்கேயும் போகவில்லை சார், வீட்டுக்குத்தான் வந்திருக்கிறாள் என்று சொல்லி வைத்தேன்.

அப்படிச் சொல்லிவிட்டேனே தவிர, சின்னவனின் பாய் இன்னும் என் பக்கத்தில்தான் கிடக்கிறது. தினமும் காலையில் அவள் லேஸ் கட்டிவிடுகிறாள். அவனும் மறக்காமல் தேங்க் யூ சொல்கிறான், பிரிஃபெக்ட் என்றுதான்.