கண்வரை இருபத்தெட்டு

மரக்காணத்து உப்பளத்தில் ஏழு வருஷம் கூடை சுமந்தவள் நான். இப்போது சுண்டுவிரலில் பாதி உயரத்துக்கு மனிதர்களைச் செய்கிறேன். மேசை மேல் படைகளை நகர்த்தி ஆடும் விளையாட்டுக்கான பொம்மைகள் அவை. சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்களில் ஒருவருக்கும் உளுந்து அளவு முகத்தில் மூக்கு வைக்கத் தெரியாது.

இடையஞ்சாவடியில் விளையாட்டுக் குழு நடத்தும் ஒருவர் அதுவரை சிப்பாய்களுக்கு வண்ணம் பூசும் வேலையை மட்டும் எனக்குக் கொடுத்துவந்தார். ஒருநாள், கடற்கரை ஊர் ஒன்றை மேசையில் அமைக்கப்போவதாகவும், உப்பு சுமக்கும் பெண்கள் பத்துப் பேர் வேண்டும் என்றும் கேட்டார். நானே வடிக்கப்போகும் முதல் பொம்மைகள்!

"இருபத்தெட்டு மில்லிமீட்டர்ங்க, மறந்துடாதீங்க" என்றார்.

என்னிடமே அளவு சொல்கிறாரே என்று எனக்குள் ஒரு திமிர். எபாக்ஸி மாவைப் பிசைந்து, கம்பி மேல் அப்பி, பத்துப் பேருக்கும் என் அக்காவின் நடையைக் கொடுத்தேன். அக்கா இன்னும் உப்பளத்தில்தான் சுமக்கிறாள்.

கொண்டுபோய்க் கொடுத்தபோது ஒன்றை எடுத்துச் சிப்பாய் பக்கத்தில் வைத்தார்.

"வேலை அழகா இருக்குதுங்க. ஆனா இவங்க சின்னப் பசங்களா?"

சுருக்கென்றது. ஸ்கேலை வைத்துக் காட்டினேன். சரியாக இருபத்தெட்டு.

"எதுவரைக்கும் அளந்தீங்க?"

"கூடை வரைக்கும்."

இந்தப் பொம்மைகளைப் பாதத்திலிருந்து கண்வரைதான் அளப்பார்களாம். தொப்பியும் தலைப்பாகையும் ஆளுக்கு ஆள் மாறும், கண் ஓர் இடத்தில் நிற்கும். நான் வண்ணம் பூசியவள், அளந்து பார்த்ததில்லை. அதோடு, உப்பளத்தில் சுமக்கிறவளுக்குக் கூடையும் உடம்போடு சேர்த்திதான். கூடை விளிம்பை அவள் உயரம் என்று எடுத்துக்கொண்டதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை.

"பரவால்லங்க, பசங்கன்னே வச்சிக்கலாம். ஓரமா நிக்கட்டும்" என்றார்.

நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் அக்காவை ஓரத்தில் நிற்கும் குழந்தையாக்க நான் விடுவதாக இல்லை. பத்தையும் பையில் போட்டுக்கொண்டு மரக்காணத்துக்குப் பஸ் ஏறினேன்.

அக்காவைக் கூடையோடு நிற்கவைத்து, பாதத்திலிருந்து கண்வரை ஒரு நூல் பிடித்தேன். கண்ணிலிருந்து கூடை விளிம்புவரை இன்னொரு நூல்.

"ஏண்டி, டெய்லர்கூட இவ்ளோ அளக்கமாட்டான்டி" என்று அலுத்துக்கொண்டாள். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு, போட்டோவுக்கு நிற்பதுபோல் நின்றாள்.

புதிதாகச் செய்தவற்றில் கண் இருபத்தெட்டில் நின்றது, கூடை முப்பத்தேழைத் தொட்டது. கைகளையும் பாதங்களையும் சிப்பாய்களுக்கு இருப்பதுபோல் சற்றுப் பெரிதாகவே வைத்தேன். உள்ளபடி வைத்தால் இந்த அளவில் கண்ணுக்கு எட்டாது.

மறுபடி மேசையில் வைத்தோம். சிப்பாயும் அக்காவும் கண்ணுக்குக் கண் பார்த்து நின்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர் அட்டையில் ஓர் உப்புக் கொட்டகை செய்து வைத்திருந்தார். சிப்பாய்கள் தாராளமாக நுழையும் வாசல். என் பொம்மை ஒன்றை அதற்குள் நகர்த்தினார். கூடை மேல்சட்டத்தில் இடித்தது.

"கூடையை மட்டும் கொஞ்சம் கம்மி பண்ணலாமாங்க?"

"முடியாது சார். எங்க ஊர்ல கொட்டகை வாசலை ஆள் உயரத்துக்கு வைக்கமாட்டாங்க, கூடை உயரத்துக்குத்தான் வைப்பாங்க. சுமக்குறவ குனிஞ்சா உப்பு கொட்டிடும். வாசலை வெட்டுங்க."

அவர் கத்தியை எடுத்தார். பத்துப் பேரும் குனியாமல் உள்ளே போனார்கள்.