எப்போது நோகாது?

அந்த வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் குந்தியிருந்து எழும்புவார். திரும்பக் குந்துவார். பிறகு ஓடுவார், மரத்தில் ஏறுவார். இடுப்பில் சத்திரசிகிச்சை செய்து ஒரு வருடம் ஆகிறது என்று கீழே எழுத்து ஓடும். நான் அதை அம்மாவுக்குக் காட்டினேன். என்னோடு ஒரே படகில் போகும் கூட்டாளிக்குக் காட்டினேன். மீன் வாங்க வந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும் காட்டினேன். "பாவம், ஏன் தம்பி அந்தாள் இந்த வயசில மரத்தில ஏறுது?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்து, பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்கு எட்டாமல், பேசாலையில் கடலட்டைக்குச் சுழியோடப் போனவன் நான். முதுகில் காற்றுச் சிலிண்டர், கையில் வலைப்பை. அடியில் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் அட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு மேலே வர வேண்டும். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. கந்தோரில் கதிரை போட்டு இருத்தி வைத்தால் எனக்கு ஒரு மணித்தியாலத்தில் மூச்சு முட்டும். கடலுக்கு அடியில் முட்டியதே இல்லை.

இடது தொடை இடுக்கில் சின்ன நோவாகத்தான் தொடங்கியது. ஒரு வருடத்துக்குள் நொண்டியாகிவிட்டேன். மன்னாரில் எடுத்த எக்ஸ்ரேயில், பந்து போல் உருண்டையாக இருக்க வேண்டிய தொடை எலும்பின் தலை ஒரு பக்கம் தட்டையாகிக் கிடந்தது. இடுப்பை மாற்ற வேண்டி வரும் என்றார்கள். மாற்றுவதென்றால் அந்தத் தலையை முழுதாக வெட்டி எறிந்துவிட்டு, எலும்புக்குள் ஒரு உலோகத் தண்டை இறக்குவது. அதை வாசித்த அன்றே வேறு வழி தேடத் தொடங்கினேன். கண்டும் பிடித்தேன். தலையை வெட்டாமல் மேலே சீவி, உலோகத் தொப்பி ஒன்றை மட்டும் கவிழ்ப்பார்களாம். பழுதான பல்லுக்கு மூடி போடுவது போல. இளம் வயதினருக்கு, ஓடியாடித் திரிபவர்களுக்கு ஏற்றது என்று பார்த்த இடமெல்லாம் எழுதியிருந்தது. என்னைப் பார்த்தே எழுதியது போல இருந்தது. எனக்கு நடப்பது மட்டும் போதாது. திரும்பவும் கீழே போக வேண்டும்.

இதைச் செய்யக்கூடிய ஒருவரைக் கொழும்பில் தேடிப் பிடித்து, காசு கட்டி நேரம் எடுத்து, சனல் பண்ணிக்கொண்டு போனேன். சுவரில் அவர் சைக்கிள் ஓடும் படம் மாட்டியிருந்தது. அதைக் கண்டதுமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. தொப்பி என்ன உலோகம், என்ன அளவுகளில் வரும் என்றெல்லாம் நான் கடகடவென்று சொல்ல, அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டே சிரித்தார்.

"நீங்கள் எங்கட ஸ்டூடன்ட்ஸை விடக் கூட வாசிச்சிருக்கிறீங்களே!"

"டைவ் பண்ணலாமா டொக்டர்?"

"ஓடலாம், நீந்தலாம், டைவ் பண்ணலாம். யங் மேன், வை நொட்?"

எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று வைத்தியரிடம் கட்டாயம் கேட்க வேண்டும் என்று ஒரு வீடியோவில் சொல்லியிருந்தார்கள். கேட்டேன். "போதிய அளவு" என்றார். அந்தப் பதில் எனக்கும் போதுமாக இருந்தது. வெளியே கதிரைகள் நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள். திகதி ஒன்று குறித்துத் தந்தார். மன்னார்ப் பாலத்தில் பஸ் ஏறும்போது கண்ணாடிக்குள்ளால் கடலைப் பார்த்துக்கொண்டு, வந்திட்டன் பார் என்று நினைத்தேன்.

அம்மா மட்டும் விடவில்லை.

"அவர் செய்த ஆக்களில ஒராளைக் காட்டச் சொல்லன்."

"அம்மா, இதென்ன மாடு வாங்கிறதோ?"

"மாடு வாங்கிறதெண்டாலும் நடத்தித்தானே பாப்பினம்."

அப்படித்தான் என்னை அடம்பனுக்கு இழுத்துக்கொண்டு போனார். அம்மாவுக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு பெரியவர் அங்கே உழவு இயந்திரத்திலிருந்து விழுந்து, யாழ்ப்பாணத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் இடுப்பு மாற்றி வந்திருந்தார். எங்களைக் கண்டதும் கிடுகுவேலி வரை நடந்துபோய், பட்டாளத்துக்காரன் மாதிரித் திரும்பி வந்து காட்டினார்.

"ஒரு நொண்டல் தெரியுதோ தங்கச்சி? வடிவாப் பாருங்கோ!"

தெரியவில்லைதான். பிறகு மலசலகூடத்துக்கும் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே நடுவில் வட்டமாக வெட்டிய பிளாஸ்ரிக் கதிரை ஒன்று. "இனிக் குந்தக் கூடாது. காலுக்கு மேல கால் போடக் கூடாது. வேற ஒண்டுமில்லை" என்றார். அவருக்கு அது பெருமை. நான் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பும்போது பஸ்ஸில், எனக்கு இது வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"ஒருக்காக் காட்டு. காட்டிப்போட்டு உன்ர கொழும்பாரிட்டயே போ."

அம்மாவின் வாயை அடைக்கத்தான் யாழ்ப்பாணம் போனேன். அடம்பன் பெரியவருக்கு இடுப்பு மாற்றிய சத்திரசிகிச்சை நிபுணருக்கு நரைத்த தலை, தூங்காத கண்கள். சுவரில் ஒரு படமும் இல்லை. தொப்பியைப் பற்றி ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"நான் அந்த ஒப்பரேசன் ஒருத்தருக்கும் செய்யேல்லை" என்றார்.

எழும்பப் பார்த்தேன். அவர் கேட்டார்:

"எப்ப நோகும்?"

"நடந்தா. படி ஏறினா. படுக்கையில திரும்பினா."

"எப்ப நோகாது?"

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை.

"கீழ போனா நோகாது."

"கீழ எண்டா?"

"கடலுக்க. அடிக்குப் போனா."

அவர் பேனையை மேசையில் வைத்தார். நான் உற்சாகமாக விளக்கினேன். மேலே வந்த பிறகு மூட்டுகளில் வலி எடுத்தால் எங்கள் ஆட்கள் காத்துப் பிடித்துவிட்டது என்பார்கள். உடனே இன்னொரு சிலிண்டரைக் கட்டிக்கொண்டு திரும்ப இறங்குவார்கள். வலி விட்டுவிடும். நான் சேர முதலே இருந்த வழக்கம் இது. காரணம் சொன்னது மட்டும்தான் நான். சோடாப் போத்தலைத் திறந்தால் காற்றுக் குமிழியாய்ப் பொங்கும், மூடினால் அடங்கும். உடம்பும் அப்படித்தான், கீழே அழுத்தம் மூடிவிடும் என்று படகில் வைத்து ஒரு சோடாவையே திறந்து காட்டியிருக்கிறேன். கைதட்டினார்கள்.

வைத்தியர் கைதட்டவில்லை.

"இந்த இடுப்பு நோ தொடங்கின பிறகும் அப்பிடியே செய்தனீங்கள்?"

"ஓம். அதுக்குப் பிறகுதான் கூடப் போனனான்."

"தம்பி, தண்ணிக்குள்ள உங்கட பாரத்தைத் தண்ணி தாங்குது. அதால நோகேல்லை. நோ எங்கயும் போகேல்லை." பேனையைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "ஒவ்வொருக்கா மேல வரேக்கயும் பொங்கிற அந்தக் குமிழிதான் எலும்புக்குப் போற ரத்தத்தை அடைக்கிறது. நீங்கள் மருந்தெண்டு நினைச்சு அதையே திரும்பத் திரும்பச் செய்திருக்கிறீங்கள்" என்றார்.

கட்டிலில் படுக்கச் சொன்னார். நொண்டும் காலை அவர் அதிகம் பார்க்கவில்லை. வலது காலைத் தூக்கி, முழங்காலை மடக்கி, மெல்ல உள்ளே திருப்பினார்.

"இஞ்ச?"

"நோகேல்லை டொக்டர். அது நல்ல கால்."

இரண்டு பக்கத்துக்கும் ஸ்கான் எடுக்கச் சொன்னார்.

படம் வந்ததும் விரலால் தொட்டுக் காட்டினார். இடது எலும்பின் தலையில் பெரிய பகுதி செத்து, உள்ளே இடிந்துகொண்டிருந்தது. வலதிலும் அதன் தொடக்கமாக ஒரு கறுத்தக் கோடு விழுந்திருந்தது. இடிய இன்னும் தொடங்கவில்லை. அதனால் நோகவுமில்லை.

"தொப்பி போடத் தலை வேணும். செத்த எலும்பில தொப்பி நிக்காது. இடதை மாத்தத்தான் வேணும்."

"கொழும்பு டொக்டர்..."

"அவரிட்ட இந்தப் படத்தைக் காட்டுங்கோ. கீழ போறதையும் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகும் செய்யிறன் எண்டு சொன்னா, முடிவு உங்கட."

அன்றைக்கே படங்களைப் போனில் அனுப்பினேன். சுழியோடுவதையும் எழுதினேன். அவருடைய உதவியாளர் அடுத்த நாள் கதைத்தார். "திறந்து பாத்துத்தான் சொல்லலாமாம். தலை சரியில்லாட்டி அதிலயே முழுசா மாத்தி விடலாமாம். திகதி அப்பிடியே இருக்கு." திறந்து பார்த்து என்ற இரண்டு சொல்லையும் பிடித்துக்கொண்டு சில நாள் திரிந்தேன். அந்த வெள்ளைக்காரரைத் திரும்பவும் மரத்தில் ஏற்றினேன். அம்மா கோயிலுக்குப் போய்வந்தார். எந்த வைத்தியருக்காக வேண்டினார் என்று நான் கேட்கவில்லை.

கொழும்பிலிருந்து வந்த பதிலில் வலது காலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதை நான் உடனே கவனிக்கவில்லை. குளிக்கும்போது வலது காலில் நின்றுகொண்டு இடதுக்குச் சவர்க்காரம் போட்டபோதுதான் உறைத்தது. யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்தேன்.

"வலதைக் காப்பாத்தலாமோ டொக்டர்?"

"தெரியாது. இனிக் கீழ போகாட்டி, சிலவேளை."

கொழும்புத் திகதியை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். யாழ்ப்பாணத்தில் காத்திருப்போர் வரிசையில் பெயர் ஏறியது.

அந்தக் கிழமையே கூட்டாளி என்னைப் பார்க்க வந்தான். கதிரையில் இருந்தபடி வலது தோளை இடது கையால் அமத்திக்கொண்டிருந்தான். அம்மா நீட்டிய தேத்தண்ணியையும் இடது கையால்தான் வாங்கினான்.

"தோளுக்கு என்னடா?"

"காத்துப் பிடிச்சிட்டுது மச்சான். சீப்பெடுத்துத் தலை இழுக்கக் கை எழும்புதில்லை."

"எப்ப நோகாது?"

சிரித்தான். "இதென்ன கேள்வி? கீழ போனா நோகாது. நீதானே சோடாப் போத்தல் திறந்து படிப்பிச்சனீ."

ஸ்கானைக் கொண்டுவந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். செத்த இடம், இடிந்த இடம், வலதில் தொடங்கும் கோடு எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுச் சொன்னேன். முன்பு அந்த வீடியோவைப் பார்த்த முகத்தோடே இதையும் பார்த்தான்.

"போன மாசம் தொப்பி எண்டு நிண்டாய். இந்த மாசம் செத்த எலும்பு எண்டுறாய். உனக்குக் கடைசியாக் கண்ட டொக்டர் சொல்றதுதான் வேதம்."

"நாளைக்கு இறங்காதடா. தோளைக் கொண்டுபோய்க் காட்டு."

"நாளைக்குத் தண்ணி நல்ல தெளிவாம் மச்சான். வந்து காட்டுறன்."

விடிய, கரையில் எஞ்சின் கிளம்பும் சத்தம் வீட்டுக்குக் கேட்டது. இரண்டு தரம் திக்கி, மூன்றாம் தரம் பிடித்துக்கொண்டது. எங்கள் படகென்று சத்தத்திலேயே தெரியும். ஊன்றுகோல் கைக்கு எட்டாத தூரத்தில் கிடந்தது. முழுப் பாரத்தையும் வலது காலில் போட்டு எழும்பினேன். நோகவில்லை. சுவரைப் பிடித்தபடி நின்று, நோகிறதா, நோகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.