மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே

பாட்டு இரண்டாவது சரணத்தை முடிக்கும்போதே கத்தரிக்கோல் மேஜைக்குப் போய்விடும். கர்ட்டன் அக்கா இரண்டு கைகளையும் அக்குளுக்குள் கொடுத்து இறுக்கிக்கொள்வார். கடை ரேடியோவில் கிட்டாரும் டிரம்மும் சட்டென்று நிற்கும். நிசப்தம். அதில் ஒற்றைக் கைத்தட்டல் ஒன்று விழும். கடைக்கு வந்த பெண்களில் யாராவது ஒருத்தி, துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டே, தன்னையறியாமல் அதோடு சேர்ந்து தட்டுவாள். பிறகு வாத்தியங்கள் ஒரே பாய்ச்சலாக உள்ளே வரும். அக்கா கைகளை விடுவித்துக் கத்தரிக்கோலை எடுத்து, விட்ட இடத்திலிருந்து வெட்டுவார். கோடு ஒரு நூல் பிசகாது.

நாற்பத்திநாலு வருடமாக இதுதான் வழக்கம். பஸ்ஸில் அந்தப் பாட்டு வந்தால் கம்பியை விட்டுக் கைகளை இறுக்கிக்கொண்டு தள்ளாடி நிற்பார். ஒருமுறை பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருந்தபோதும் கைகள் அக்குளுக்குப் போயினவாம். டாக்டர் குளிருகிறதென்று நினைத்து ஃபேனை நிறுத்தியிருக்கிறார்.

வயது அறுபத்துமூன்று. நெட்டையான உருவம், ஏணி அதிகம் தேவைப்படாத உயரம். காதுக்குப் பின்னால் ஒரு சாக்கட்டி, கழுத்தில் மாலையாக டேப். யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் ஜன்னலைத்தான் பார்ப்பார்; வீட்டுக்காரர்களை அதற்கப்புறம். ஒவ்வொரு ஜன்னலையும் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளப்பார். “எந்த ஜன்னலும் நேரா இருக்காதும்மா. நேரா இருக்குன்னு சொல்றது வீட்டுக்காரங்கதான்” என்று என் வீட்டுக்கு அளவெடுக்க வந்த அன்று சொன்னார். அளந்து பார்த்தால் என் ஜன்னல் கீழே ஒன்றரை அங்குலம் கூடுதல் அகலம். பதினெட்டு வருடம் அந்த வீட்டில் குடியிருந்துவிட்டேன், எனக்குத் தெரியாது.

வலது கை நடுவிரலில் எப்போதும் ஒரு பித்தளைக் குப்பி. தடித்த துணியில் ஊசியைத் தள்ளும்போது விரலில் குத்தாமல் இருக்க மாட்டுவது. அவர்கள் வீட்டில் அதற்கு ‘விரல் தொப்பி’ என்று பெயர். சாப்பிட, தூங்க, குளிக்க மட்டும் கழற்றுவார். இன்னொரு சமயத்திலும் கழற்றுவார்: மாட்டிய திரை மனசுக்குப் பிடித்தபடி மடிந்து விழுந்துவிட்டால், விரல் தொப்பியை எடுத்து, அதற்குள் மெல்ல ஒரு ஊது ஊதி, மறுபடி மாட்டிக்கொள்வார். நன்றாக இருக்கிறதென்று வாயால் சொல்ல மாட்டார். வாடிக்கைக்காரர்கள் அந்த ஊதலுக்காகக் காத்திருப்பார்கள். எனக்குப் படுக்கையறைத் திரைக்கு ஊதல் கிடைத்தது, சமையலறைக்குக் கிடைக்கவில்லை.

கடையில் அவரோடு இருப்பது தங்கை. மெஷின் வேலை முழுக்க அவருடையது, பேச்சு வேலையும்தான்.

“எங்க அக்கா யாருன்னு தெரியுமா உங்களுக்கு?” என்று மெஷினை நிறுத்தாமலே ஆரம்பிப்பார். “இப்ப ரேடியோவுல ஒத்தையா ஒரு தட்டு கேட்டுச்சே, அது யாருன்னு நினைச்சீங்க?”

“சும்மா இருடி. துணி வாங்க வந்தவங்களைப் பிடிச்சு வச்சுக்கிட்டு.”

“நான் சொல்லாம வேற யார் சொல்றது? கட்டின மனுஷனுக்கே மூணு வருஷம் கழிச்சு நான் சொல்லித்தானே தெரிஞ்சுது!”

“தெரிஞ்சு அவருக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலை. ‘அப்படியா’ன்னுட்டுக் குழம்பு கேட்டாரு.”

தங்கைக்குப் பெருமை, அக்காவுக்கு அது அவமானம். இது எனக்குப் புரியவே பல நாள் ஆயிற்று.

அந்தப் பாட்டைத் தெரியாதவர்கள் என் வயதில் யாரும் இருக்க முடியாது. போன் மணி அடிக்கக் காத்திருக்கும் ஒருத்தியின் பாட்டு. இரண்டரை நிமிடம். எலெக்ட்ரிக் கிட்டார் புதிதாக வந்திருந்த காலம். ஞாயிற்றுக்கிழமைப் ‘பத்துப் பாட்டு’ நிகழ்ச்சியில் முப்பத்தொரு வாரம் முதலிடத்தை விட்டு அது இறங்கவில்லை. பாட்டின் நடுவே வாத்தியங்கள் நின்றுபோவது அன்றைக்குப் பெரிய துணிச்சல். முதல் ஒலிபரப்பில் பாதிப் பேர் ரேடியோ கெட்டுவிட்டதென்று அதன் மண்டையில் தட்டினார்களாம். ரெக்கார்டுக் கடைகளில் பாட்டைக் கேட்டுப் பார்க்கக் கண்ணாடிக் கூண்டு இருக்கும்; வெளியே நின்று பார்த்தால் உள்ளே இருப்பவர் திடீரென்று கொசு அடிப்பதுபோல் ஒரு தட்டுத் தட்டுவார். எந்தப் பாட்டு என்று நமக்குத் தெரிந்துவிடும். நடன அரங்குகளில் தட்டினார்கள், பந்தயம் பார்க்கப் போன கூட்டம் தட்டியது, பள்ளி ஆண்டுவிழாவில் நாங்கள் தட்டினோம். எல்லோரும் தட்டியது ஒரு பிழையை.

அக்காவின் அப்பாதான் அந்தப் பாட்டு பதிவான ஒலிப்பதிவுக் கூடத்துக்குத் திரை தைத்துக் கொடுத்தவர். சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெங்கும் கனத்த திரை தொங்க வேண்டும். பத்தொன்பது வயது மகள் ஓரம் தைக்க உடன் போயிருந்தாள். அன்று கைதட்ட வரவேண்டிய நாலு பேரில் ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். இசையமைப்பாளர் சுற்றுமுற்றும் பார்த்து, “ஏம்மா, நீ வா. தட்டத் தெரியும்ல?” என்று கூப்பிட்டார். விரலில் தொப்பி இருந்ததைக் கழற்ற அவளுக்குத் தோன்றவில்லை. அவர் சொன்ன விதி எளிது. வாத்தியம் நின்றதும் மனசுக்குள் நாலு எண்ண வேண்டும். நாலில் அவர் கையைத் தூக்குவார். நாலு பேரும் சேர்ந்து ஒரே தட்டு. அந்தத் தட்டோடு வாத்தியம் உள்ளே வரும்.

பத்து முறை எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் வேறு ஏதோ தவறியது. பாடகியின் தொண்டை கட்டத் தொடங்கியிருந்தது. பதினோராவது முறை எல்லாம் கூடி வந்தது. வாத்தியம் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று. இசையமைப்பாளருக்கு வியர்த்துக் கண்ணாடி மூக்கில் வழுக்கியது. அதைத் தள்ளிவிடக் கையைத் தூக்கினார். அவர் கண்ணாடியைத் தள்ளும் வழக்கம் அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். திரைக்காரர் மகளுக்குத் தெரியாது. தட்டிவிட்டாள். மற்றவர்கள் நாலில் சரியாகத் தட்டினார்கள்.

பன்னிரண்டாவது முறை பாடக் குரல் இல்லை. அதையே வைத்துக்கொண்டார்கள். இசையமைப்பாளர் திட்டவில்லை. “பரவாயில்லம்மா, யாருக்கும் கேட்காது” என்றார்.

“அந்த ஒரு வார்த்தைதாம்மா” என்றார் அக்கா என்னிடம். “திட்டியிருந்தா அன்னைக்கே மறந்திருப்பேன். யாருக்கும் கேட்காதுன்னாரு. ஒரு மாசத்துல கேட்காத ஆளே இல்லை.” அதற்குப் பிறகு அந்தக் கூடத்துக்கு அவர் போகவில்லை, அப்பா தனியாகப் போய் வந்தார். இசையமைப்பாளரும் காலமாகிவிட்டார். “நீங்க ஏன் தட்ட மாட்டேங்கிறீங்க?” என்று கேட்டேன். “ஒருதரம் தட்டிக் கெடுத்தது போதாதா?” என்றார்.

சென்ற மாதம் ஒலிப்பொறியாளர் ஒருவர் தன் அறைக்குக் கனத்த திரை வேண்டுமென்று கூப்பிட்டார். சகோதரிகள் இருவரும் அளவெடுக்கப் போனார்கள். அங்கே நடந்ததைத் தங்கை எனக்கு ஒரு சொல் விடாமல் சொன்னார். அக்கா குறுக்கிட்டது ஒரே ஒரு முறை, அந்த அறையின் சுவர் இரண்டு அங்குலம் கோணல் என்று திருத்த.

பொறியாளர் மேஜையில் அந்தப் பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. ரெக்கார்டு கம்பெனி பழைய நாடாவைச் சுத்தம் செய்து புதுப் பதிப்பாகக் கொண்டுவரப் போகிறது. அக்கா அளவு டேப்பைக் கீழே வைத்தார். கைகள் அக்குளுக்குப் போயின. வாத்தியம் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. எல்லோருடைய தட்டும் வாத்தியமும் சேர்ந்து வந்தன. நடுவே ஒன்றுமே இல்லை.

“கேட்டீங்களாம்மா?” என்றார் பொறியாளர் சந்தோஷமாக. “நாற்பத்திநாலு வருஷத் தப்பு. அலுங்காம எடுத்துட்டேன்.”

“நல்லது தம்பி” என்று அக்கா டேப்பை எடுத்தார்.

தங்கையால் பொறுக்க முடியவில்லை. “என்னக்கா நல்லது? தம்பி, நீங்க எடுத்தது எங்க அக்காவை!”

அவர் சிரித்தார். அந்தத் தட்டு தன்னுடையது என்று இதுவரை ஏழு பேர் சொல்லியிருக்கிறார்கள் என்றார். பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னார்: அந்தத் தட்டோடு ‘டிங்’ என்று மெல்லிய ஒரு சத்தம் இருக்கிறது, நாடாவில் விழுந்த கீறலாக இருக்க வேண்டும்.

அக்கா வலது கையை நீட்டி விரல் தொப்பியைக் காட்டினார். பொறியாளர் அதைப் பார்த்தார். ஒரு மைக்கை இழுத்து அவர் முன்னால் வைத்தார். “ஒரே ஒரு தட்டு தட்டுங்கம்மா.”

நாற்பத்திநாலு வருடத்துக்குப் பிறகு அக்கா ஒரு தட்டுத் தட்டினார். டிங்.

பொறியாளர் எழுந்து நின்றுவிட்டாராம். “நீங்களே சொல்லுங்கம்மா. இருக்கட்டுமா, எடுக்கட்டுமா?”

“தப்புன்னா எடுக்கத்தானே வேணும்? நான் கோணலா தைச்சா பிரிச்சுட்டுத்தான் மறுபடி தைப்பேன்.”

“அக்கா!”

“நீ வாயை மூடுடி.” பிறகு பொறியாளரிடம், “எடுத்ததை இன்னொருதரம் போடுங்க தம்பி” என்றார்.

போட்டார். அக்கா இன்னொரு முறை போடச் சொன்னார். அப்புறம் இன்னொரு முறை. மூன்றாவது தடவை, மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே, பொறியாளரின் கால் தானாகத் தரையில் ஒரு தட்டுத் தட்டியது. அக்கா அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த இடத்துல ஒரு ஆணி இருந்துச்சு தம்பி” என்றார். “கோணலா அடிச்ச ஆணிதான். ஆனா முழுச் சீலையும் அதுலதான் தொங்கிக்கிட்டு இருந்திருக்கு. எனக்கு இப்பத்தான் தெரியுது.”

பொறியாளர் தட்டு உள்ளதும் இல்லாததுமாக இரண்டையும் கம்பெனிக்கு அனுப்புவதாகச் சொன்னார். முடிவு அவர்கள் கையில். எது தேர்வானது என்று வெளியாகும்வரை தனக்கும் தெரியாது என்றார்.

மூன்று வாரம் கடையில் அந்தப் பேச்சு இல்லை. தங்கைகூட எடுக்கவில்லை. அந்த நாட்களில் அக்கா ஒரு திரையை இரண்டு அங்குலம் குட்டையாக வெட்டிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அதற்கு முன் அப்படி நடந்ததே கிடையாது.

போன ஞாயிறு காலை என் வீட்டுக் கூடத்து ஜன்னலுக்குத் திரை மாட்ட வந்தார்கள். மேலே உயரம் அதிகமென்பதால் அக்கா ஏணியில் நின்றார். தங்கை ஏணியைப் பிடித்திருந்தார். ரேடியோவை நான்தான் போட்டேன். அறிவிப்பாளர் அந்தப் பாட்டின் பேரைச் சொல்லி, புதுப் பதிப்பு, முதல் ஒலிபரப்பு என்றார். அணைக்கலாமா என்று பார்த்தேன். அக்கா வேண்டாமென்று தலையசைத்தார்.

பழைய பாட்டு, தூசி துடைத்த கண்ணாடிபோல் வந்தது. பாடகி உதடு பிரிக்கும் சத்தம்கூடக் கேட்டது. முதல் சரணம். அக்கா வளையங்களைக் கம்பியில் கோத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது சரணம் முடியப்போகிறது. இரண்டு கையிலும் திரையோடு கம்பி. கீழே வைக்க இடமில்லை.

“ஏம்மா, இதைக் கொஞ்சம் பிடிங்க” என்றார்.

நாற்காலியில் ஏறிக் கம்பியை வாங்கிக்கொண்டேன். திரை என் தோளில் கனத்தது. அக்கா ஏணி உச்சியில் கைகளை அக்குளுக்குள் கொடுத்து இறுக்கிக்கொண்டார். வாத்தியம் நின்றது.

ஒன்று. இரண்டு. மூன்று.

ஒற்றைத் தட்டு விழுந்தது. துடைத்த பதிப்பு என்பதால் அந்த ‘டிங்’ நன்றாகவே கேட்டது. அடுத்த கணம் வாத்தியங்கள் கொட்டின. தங்கை ஏணியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

அக்கா மெதுவாகக் கைகளை வெளியே எடுத்தார். நடுவிரலிலிருந்து தொப்பியைக் கழற்றி, அதற்குள் ஒரு ஊது ஊதி, மறுபடி மாட்டிக்கொண்டார்.