புள்ளித்தாளில் பிலோமினா போட்ட கையெழுத்து

பிலோமினா போய்விட்டாள் என்று எனக்குத் தொலைபேசியில் சொன்னவர், அவளை இருபத்தாறு வயதில் ஆட்டத்தை விட்டே துரத்திய அதே மனிதர். கூடைப்பந்துச் சங்கத்தின் முன்னாள் செயலாளர். குரலைத் தழைத்துக்கொண்டு, பெரிய இழப்பு என்றார். அடுத்த மூச்சில், பேனருக்கு அவள் ஜெர்சியில் நிற்கும் படம் ஒன்று வேண்டும், பக்கத்தில் தன் படமும் வரும் என்றார். அடக்கத்துக்கு முன் நான்கு வார்த்தை பேசப்போகிறாராம். என்னிடம் படமே இல்லை என்றேன். என் அலமாரியில் பதினோரு படங்கள் இருக்கின்றன.

அவளோடு ஆடியவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ராயபுரத்து மீன்காரச் சந்திலிருந்து மாநில அணிக்குப் போன முதல் பெண் அவள். அரைக்கால் சட்டையோடு பஸ் ஏற முடியாத காலம். மேலே பாவாடை கட்டிக்கொண்டு வந்து, மைதானத்து ஓரத்தில் அதை மடித்து வைத்துவிட்டு இறங்குவாள். வேடிக்கை பார்க்க வந்தவன் எவனாவது விசிலடித்தால் பந்தை நிறுத்திவிட்டு, "டிக்கெட்டு வாங்கினியா நைனா?" என்று கேட்பாள். அவன் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வரமாட்டான்.

அந்த இறுதியாட்டத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஆட்டம் முடிந்து விசில் ஊதிய பிறகு எதிரணி போட்ட பந்தைக் கணக்கில் சேர்த்தார்கள். ஒரு புள்ளியில் தோற்றோம். முறையிட வேண்டுமானால் புள்ளித்தாளில் அதற்கென்று இருக்கும் இடத்தில் கேப்டன் அப்போதே கையெழுத்துப் போட வேண்டும். கோப்பை கொடுக்க மந்திரி காத்திருந்தார். செயலாளர் பேனாவைப் பிடுங்கப் பார்த்தார். "இன்னா சார், விசில் ஊதினப்புறம் போட்ட பந்து எப்டி கணக்குல வரும்?" என்று கேட்டுவிட்டு பிலோ கையெழுத்துப் போட்டாள். அவள் பேசியது அவ்வளவுதான். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

மறுவாரம் சங்க அலுவலகத்தில் ஒரு தாளை நீட்டினார் செயலாளர். பிலோ நடுவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள் என்று அதில் இருந்தது. எங்கள் பேச்சே அவர்கள் காதுக்குக் கெட்ட வார்த்தைதான். சாட்சிக் கையெழுத்துப் போட்டால் தேசிய முகாமில் இடம் உண்டு என்றார். நான் போட்டேன். பிலோவுக்கு ஆயுள் முழுக்கத் தடை. அவளிடம் போய் ஒப்புக்கொண்டபோது அழுதது நான்தான். "போட்டுட்ட இல்ல? போய் ஒயுங்கா ஆடு" என்றாள். என்னை மன்னித்தாளா என்று நானும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

அப்புறம் அவளுக்குத் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில், லாரிகளை எடைபோடும் மேடையில், முப்பது வருடம் எழுத்தர் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கோயில் மைதானத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி. முதல் வாரம் பந்தையே தொடவிட மாட்டாள், புள்ளித்தாள் எழுதத்தான் சொல்லிக்கொடுப்பாள். ஒருநாள் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய லாரி ஒன்று அவளுடைய மேடைக்கு வந்தது. அதன் முதலாளி சாட்சாத் நம் செயலாளர். ஆளே நேரில் வந்து கெஞ்சினாராம். "மிஷினு சொல்றதத்தான் சார் நான் எய்துவேன். லோடை எறக்கிட்டு வா" என்றிருக்கிறாள். உச்சி வெயிலில் மூன்று மணி நேரம் குடையில்லாமல் நின்றாராம். அன்றைக்கு அவள் எனக்கு வாங்கிக்கொடுத்த பிரியாணியின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பேசியதும் அந்த மனிதரைப் பற்றித்தான். "அந்தாளு மாலைய எட்த்துகினு வருவான் ஸ்டெல்லா. போட்டுட்டு போவட்டும். ஆனா என்னப் பத்தி அவன் பேசக் கூடாது." பேசவிட மாட்டேன் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். வேறு எதுவும் அவள் என்னிடம் கேட்டதில்லை.

அவர் வந்தார். மாலை வைத்தார். கோயில் வாசலில் மைக்கைப் பிடித்து, பிலோமினா தனக்கு மகள் மாதிரி, இளம் வயதில் வாய்த்துடுக்கால் ஒரு தவறு செய்தாலும், என்று ஆரம்பித்தார். நான் போய் மைக்கை வாங்கினேன். அவள் யாரையும் திட்டவில்லை, திட்டியதாகப் பொய்ச் சாட்சி சொன்னவள் நான், சொல்லவைத்தவர் இவர் என்றேன். சாவு வீட்டில் பழசெல்லாம் எதற்கம்மா என்று என் காதருகே முனகினார். "வேற எங்க சார் நீங்க நின்னு கேப்பீங்க?" என்றேன். அது மைக்கில் கேட்டது. சங்கத்தில் அவருக்குக் கீழே ஆடிய பெண்கள்கூட அவருக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள், ஒருத்தியும் கும்பிடவில்லை. கார்வரை அவர் தலைகுனிந்து போனதை நின்று பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. தோழியின் சவப்பெட்டிக்கு முன்னால் சந்தோஷப்பட்டேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை. நாற்பது வருடம் தாமதம் என்பதுதான் வெட்கம்.

பூசையில் கர்த்தர் கற்பித்த செபம் சொல்லும்போது, பிறர் குற்றங்களை மன்னிக்கிறோம் என்ற இடத்தில் பிலோ வாயை மூடிக்கொள்வாள். அடுத்த வரியில் சத்தமாகச் சேர்ந்துகொள்வாள். சாமி முன்னாடி பொய் சொல்லக் கூடாது என்பாள். பக்கத்தில் நின்ற நான் அந்த வரியை மட்டும் கூடுதல் சத்தமாகச் சொல்வேன், அவள் காதில் விழட்டும் என்று. இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த இடம் வந்ததும் நானும் வாயை மூடிக்கொண்டேன். அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். பிறரை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்பதுதான் அந்தச் செபம்; அந்த வரியை விட்டால் எனக்கும் மன்னிப்பு கிடையாது என்று தெரியும். பரவாயில்லை.