என் கால் வெட்டிய பாதை

மூத்தவள் பிறந்த பிறகு என் இடது கால் வீங்கத் தொடங்கியது. நீல நரம்புகள் கயிறுமாதிரிப் புடைத்துக்கொண்டு வந்தன. வீக்கம் மேலே ஏறக்கூடாதென்று, பாம்புக்கடிக்குக் கட்டுவதுபோல, முழங்காலுக்குக் கீழே சீலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு நாலு வருஷம் திரிந்தேன்.

கடைசியில் யாழ்ப்பாணத்தில் ஒரு டொக்டரிடம் போய், "இந்த அசிங்கத்தை வெட்டி எடுத்துவிடுங்கோ" என்றேன்.

அவர் முழங்காலுக்கு மேலே ரப்பர்ப் பட்டியைக் கட்டி, "நடவும்" என்றார். கொஞ்சத் தூரத்திலேயே கால் வெடிக்கிறமாதிரி நொந்தது. உடனே அவிழ்த்துவிட்டார்.

"வேலணைத் தீவிலிருந்து எப்படி வந்தனீர்?"

"சண்டையால, கடலுக்குக் குறுக்கால போற பெரிய பாதை, பண்ணைப் பாதை, பூட்டுத்தானே. வள்ளத்தில அராலிக் கரைக்கு வந்து, சின்னச் சின்ன ஒழுங்கையளுக்குள்ளால அண்ணை சைக்கிளில ஏத்திக்கொண்டு வந்தவர்."

"காலிலயிருந்து நெஞ்சுக்குத் திரும்புற உம்மட ரத்தமும் அப்படித்தான் வருது. உள்ளுக்குள்ள பெரிய நரம்பு அடைபட்டுக் கிடக்கு. நீர் வெட்டச் சொல்லுறது ஒழுங்கையளை."

குனிந்து காலைப் பார்த்தேன். நான் அருவருத்த நரம்புகள்தான், ஒருவரும் சொல்லிக்கொடுக்காமலே, இவ்வளவு நாளும் என் காலைக் காப்பாற்றியிருக்கின்றன. நானோ சீலைத்துண்டால் அந்த வழியையும் மறித்திருக்கிறேன்.

அவர் வெட்டவில்லை. ஒரே இடத்தில் இறுக்காமல், விரலடியிலிருந்து மேல்நோக்கிப் பண்டேஜ் சுற்றவும், இருக்கும்போது காலை உயர்த்தி வைக்கவும் சொன்னார்.

திரும்பும் வள்ளத்தில் காலைத் தூக்கி எதிர்ப்பலகையில் வைத்தேன். முன்னால் இருந்த பெரியவர் முகத்தைச் சுளித்தார். "பிள்ளை, காலை இறக்கும்."

"ஏலாது ஐயா. ரத்தம் வீட்டை போகவேணும்."

இப்போதும் காலையில் பண்டேஜ் சுற்றமுன் அந்த நீலக் கோடுகளை ஒருமுறை தடவிப் பார்ப்பேன். வெட்டச் சொன்னவள் நான். எனக்காகப் பாதை வெட்டியது என் கால்.