வஜ்ரேஸ்வரி வெந்நீர்ச் சுனை: பச்சைத் தண்ணீரில் கால் வைக்குமுன்

எண்பதுகளின் நடுவில் ஒரு டிசம்பர் ஞாயிறு. என் மனைவி ஜைனம்பு நாள் முழுக்க மிஷின் மிதித்துப் பர்ஸ் தைப்பவள். முழங்கால் வலி தாங்க முடியவில்லை. வஜ்ரேஸ்வரி வெந்நீரில் கால் ஊறவைத்தால் தீரும் என்று தாராவியில் யாரோ சொல்ல, கிளம்பினோம். எனக்கு நம்பிக்கையே இல்லை. நான் தோலுக்குச் சாயம் ஏற்றுகிறவன்; எதையும் இரண்டு தடவை முகர்ந்து பார்க்காமல் ஏற்கமாட்டேன்.

மாகிமில் காலை 5.40 ரயில், போரிவ்லியில் மாறி ஏழு மணிக்கு வசாய். அங்கிருந்து முப்பது கிலோமீட்டர், பஸ்ஸில் ஆளுக்கு நாலு ரூபாய். கண்டக்டர் சொன்ன ஸ்டாப்பை நம்பாமல் இன்னும் மூன்று பேரிடம் கேட்டேன். மூவரும் அதையேதான் சொன்னார்கள்.

ஆற்றோரச் சுனையைக் கண்டதும் தூக்கிவாரிப் போட்டது. நடுவில் நீலம், சுற்றிலும் பச்சை, கரைக்கல்லில் காவி. கந்தக நெடி வேறு.

"ஏளா, மேல எவனோ சாயப்பட்டறை வச்சிருக்கான். கழிவுத் தண்ணிதான் இது."

வெள்ளைக் கைக்குட்டையை முக்கிப் பிழிந்தேன். கறை ஏறவில்லை. பாசியின் நிறம்தான் போல.

பக்கத்தில் துணி துவைத்த மராத்திக்கார அம்மா கத்தினார்: "அரே பாய், உதர் நை! பஹுத் கரம்! இதர் ஆவோ!" அங்கே வேண்டாம், ரொம்பச் சூடு, இங்கே வாங்க என்று அவர் காட்டிய பக்கம் சிமெண்ட் தொட்டிகள். காசு பிடுங்கும் கூட்டம் என்று முடிவுகட்டினேன். மணிக்கட்டு வரை கையை விட்டுப் பார்த்தேன். இளஞ்சூடுதான்.

"எறங்குளா."

முழங்கால் வரை இறங்கியவள் அலறினாள். பாசிக்கல் வழுக்கியது, ஏற முடியவில்லை. நான் ஒரு கையைப் பிடிக்க, அந்த அம்மா ஓடிவந்து மறு கையைப் பிடித்து இழுத்தார். ஆற்றின் குளிர்ந்த தண்ணீரில் அவள் கால்களை அரைமணி நேரம் வைத்திருந்தார். காலணா கேட்கவில்லை.

"பதினெட்டு வருசமா சுடுசாயத்துல கெடந்து மரத்துப்போன கைய நம்பியா மச்சான் என்ன எறக்குனிய?" என்று ஜைனம்பு அழுதாள். கொப்புளம் ஆற மூன்று வாரம் ஆயிற்று. மிஷின் சும்மா கிடந்தது.

போகிறவர்கள் ஊற்றுக்கண்ணில் இறங்காதீர்கள். ஆறின தண்ணீர் தொட்டிகளில் இருக்கிறது. காய்த்துப்போன உள்ளங்கை சூடு சொல்லாது, முழங்கையை வைத்துப் பாருங்கள். சர்க்கரையால் கால் மரத்தவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம். பத்து நிமிடத்துக்கு மேல் ஊறாதீர்கள். சுட்டுவிட்டால் குளிர்ந்த தண்ணீர் மட்டும், பற்பசை அப்பாதீர்கள். அங்கிருப்பவர் ஒன்று சொன்னால், ஆள் யார் என்று ஆராய்வதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

மறுவருஷம் ஜைனம்புவே போகலாம் என்றாள். தொட்டியில் கைவிட்டுச் சூடு பார்க்க நான் குனிந்ததும் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நீங்க கரையில இருந்து துணியப் பாத்துக்கிடுங்க. போதும்."