தொங்கிய கேபிள்

வாவிக்கு அக்கரையில், படுவான்கரைப் பக்கம் பீரங்கியால் செல் அடித்தால் காத்தான்குடியில் ஓட்டுத் தூசி கொட்டும். மறுநாள் அதைத் தட்டித் துடைப்பது ஆமினா உம்மாவின் வேலை. வீட்டை மகள் பரீனாவுக்குச் சீதனமாகக் கொடுத்த நாளிலிருந்து, பழைய வழக்கப்படி, மருமகன் முன்னால் வருவதில்லை, பேசுவதில்லை. அவன் கூடத்தில் இருந்தால் இவருக்கு அடுப்படிதான்.

மருமகன் றவூப் கட்டாரில் வேலை முடிந்து வந்து கூடத்தையே பிடித்துக்கொண்டான். மேசை நிறைய ரெண்டு ரவுட்டர், அவற்றை இணைக்கும் சுவிட்ச் என்ற பெட்டி, பழைய கொம்பியூட்டர். சனிக்கிழமை கொழும்பில் நெட்வேர்க் சோதினை. பாஸானால் கொம்பனி திரும்பக் கூப்பிடும். பெயிலானால் கூடமும் அதிலுள்ள உம்மாவின் சாய்மனைக் கதிரையும் அவனுக்கே. அந்தச் சோதினைக்காக ஆமினா உம்மா கேட்ட துஆவில் பாதிகூட அவனைப் பெற்றவள் கேட்டிருக்க மாட்டாள்.

புதன்கிழமை அவன் பள்ளிக்குத் தொழப் போன நேரம் தூசி தட்டினார். ஒரு கேபிளின் முனை மேசையோரம் தொங்கியது. வடிவாயில்லை. சுவிட்ச்சில் ஒரு ஓட்டை காலியாக இருந்தது. செருகினார். ‘டிக்’ என்றது. திருத்தமாக இருந்தது.

றவூப் வந்து கரண்ட் கொடுத்ததும் பச்சை லைட்டெல்லாம் ஒன்றாகத் துடித்தன. திரைச்சீலைக்குப் பின்னால் நின்ற உம்மா, பள்ளிக் கந்தூரிக்குக் கட்டுற லைட் மாதிரி நல்லாத்தான் எரியுது என்று திருப்திப்பட்டார்.

அன்றைக்குச் சோறு அப்படியே திரும்பி வந்தது.

"என்னகா, மாப்பிள்ளைக்குச் சுகமில்லையா?"

"ரவுட்டர் ரெண்டும் கதைக்குதில்லையாம் உம்மா. ஒண்டு கூப்பிட்டா மத்தது பதில் சொல்லணுமாம். ரவுட்டருக்கு அடிச்ச கட்டளையெல்லாம் அழிச்சி மறுகா மறுகா அடிக்கிறாரு. நீங்க அந்த மேசையில கை வெச்சீங்களா?"

"நானா? நான் ஏங்கா அந்தப் பக்கம் போற?"

சொன்ன பிறகு மகளிடம் மாற்றிச் சொல்ல வழியில்லை. மருமகனிடமோ வாயே திறக்க முடியாது.

வெள்ளி பின்னேரம் பரீனா அவனுடைய பேக்கை அடுக்கினாள். அடுப்படிவரை கேட்டது றவூப்பின் குரல்.

"எடுத்து வைக்காத. இதே சரி வரல்ல, சோதினையில என்னத்தச் செய்ற? வாற வருசம் பாப்பம்."

வாற வருசம். ஆமினா உம்மாவுக்கு அடுப்பின் புகை முழுவதும் ஒரே மூச்சில் உள்ளே போனது போலிருந்தது. முக்காட்டைப் போட்டார், அடுப்படிப் பூனையைத் தூக்கினார், கூடத்துக்குள் போய் மருமகனுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"இஞ்ச பாரு பூன, ஒனக்குத்தான் சொல்றன். புதன்கிழம ஒரு வயருட முனை சும்மா தொங்கிச்சு. பாக்க வடிவில்ல எண்டு ஆரோ அந்தப் பெட்டியில செருகியிரிக்காங்க. மத்த முனையும் அதுலதான் இரிக்கி. ஆரெண்டு எனக்குத் தெரியா."

பூனை கொட்டாவி விட்டது. பரீனா மடித்த சேட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கதிரை இழுபட்டது. ‘டிக்.’ துடித்த லைட்டுகள் அடங்கி, ஒவ்வொன்றாக நிதானமாகச் சிமிட்டின.

"ரெண்டு முனையும் ஒரே சுவிட்ச்சில," என்றான் றவூப். "அனுப்பினதெல்லாம் வெளிய போகாம அதுக்குள்ளயே சுத்திக் கிடந்திருக்கு. நான் வீணா ரவுட்டர்ல அடிச்சதப் போட்டு அழிச்சிரிக்கன்."

ஏதோ தட்டினான். திரையில் பதில் வரிசையாக வந்தது. பிறகு, கல்யாணம் முடித்து முதல் தடவையாக, நேரே கேட்டான்.

"ரெண்டு நாளா ஏன் மாமி சொல்லல்ல?"

ஆமினா உம்மா சாய்மனைக் கதிரையின் கையை முந்தானையால் ஒரு தரம் துடைத்தார். பூனையை அவன் காலடியில் இறக்கி விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனார்.